நாலரை மணி நேரமும் ‘விழிப்புணர்வு’ என்ற பழியும்



ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம். அன்று ஓர் ஊர்வலம் போகும். ஒரு கருத்தரங்கு நடக்கும். மறுநாள் நாளிதழில் படம் வரும். எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம் தவறாமல் இருக்கும்: “மக்களிடம் போதிய விழிப்புணர்வு இல்லை.”

கடந்த ஐப்பசியில் வேங்கிக்காலை ஒட்டி நடந்த அப்படியொரு கூட்டத்தில் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். மேடையேறிய தனியார் மருத்துவர் ஒருவர் ஒளிப்படங்கள் காட்டி நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது சொன்னார்: “காலனி ஜனங்கதான் ரொம்ப லேட்டா கொண்டுவர்றாங்க. குடி, கருவாடு, உப்பு. எவ்வளவு சொன்னாலும் கேக்கிறதில்ல.” அரங்கம் கைதட்டியது. எங்களோடு வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. அவளுடைய அம்மா அப்போது வலக்கை மடங்கி, பேச்சுக் குழறி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

அந்த அக்காவுக்கு நடந்ததை அவள் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறோம். ஊர் பெயர் வேண்டாம், ஆள் பெயர் வேண்டாம், மருத்துவமனைகளின் பெயரும் வேண்டாம். எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

அக்காவுக்கு 46 வயது. மல்லாட்டைக் கொல்லையில் களையெடுப்பு, நடவுக் காலத்தில் நடவு, மற்ற நாளில் நூறு நாள் வேலை. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. ஒருநாள் காலை ஆறரை மணிக்கு வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த சொம்பு நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், கை வரவில்லை. மகள் ஓடிவந்து முகத்தைப் பார்த்தாள். “அம்மாவுக்கு வாய் கோணிக்கிச்சி, இது ஸ்ட்ரோக்குதான்” என்று அந்த நிமிடமே கத்தினாள். முகம், கை, பேச்சு என்ற மூன்று அடையாளத்தையும் அவள் கல்லூரிச் சுவரொட்டியில் படித்திருந்தாள். தெருவில் ஒரு கிழவி புறா ரத்தம் தடவலாம் என்றார். யாரும் கேட்கவில்லை. ஏழு மணிக்குள் ஆட்டோ கிளம்பிவிட்டது.

ஏழேகாலுக்குப் பக்கத்து ஊர்க் கிளினிக். “ஸ்ட்ரோக்கா இருக்கும் சார், ஸ்கேன் எடுக்கணும்” என்றாள் மகள். “நீ டாக்டரா? எந்த ஊரு? காலனியா?” என்று பதில் வந்தது. அரைமணி நேரம் காத்திருப்பு, பிறகு ஒரு டிரிப்ஸ். ஒன்பதரை மணிக்கு, “பிரஷர் ஏறிக்கிட்டே போகுது, டவுனுக்குக் கொண்டு போயிடுங்க.” பத்தேகாலுக்கு நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. ஸ்கேன் எடுக்கும் முன்பே முன்பணம் கேட்டார்கள். அப்பாவுக்குப் போன் போட்டு, சீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, காதுத் தோட்டைக் கழற்றிப் பார்த்து, ஒன்றும் நடக்காமல் கடைசியில் அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். அங்கே பணம் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்து முடித்தபோது பிற்பகல் ஒன்று பத்து. பார்த்த இளம் மருத்துவர் மகளிடம் மெதுவாகச் சொன்னார்: “பதினோரு மணிக்குள்ள வந்திருந்தா ஒரு ஊசி போட்டிருக்கலாம்மா.”

இப்போது சொல்லுங்கள். இந்தக் கதையில் விழிப்புணர்வு இல்லாமல் போனது யாருக்கு?

*

அந்தப் ‘பதினோரு மணி’ எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள்வோம். பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று, வெடித்து ரத்தம் கசிவது மற்றொன்று. அடைப்புதான் அதிகம். அடைப்பு என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம். கசிவு என்றால் அதே மருந்து ஆளைக் கொன்றுவிடும். வெளியிலிருந்து பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல எந்தப் பெரிய மருத்துவராலும் முடியாது. ஸ்கேன்தான் சொல்லும். 1971இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையை சி.டி. ஸ்கேன் படம்பிடித்தது. அதற்காக 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கரைக்கும் மருந்து பலன் தரும் என்று 1995இல் அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் நிரூபித்தது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாய் அடைப்பென்றால் கம்பி செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை 2015க்குப் பிறகு வந்துவிட்டது. பெரிய அடைப்பு ஒன்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டார்கள்.

அறிவியல் தன் வேலையைச் செய்துவிட்டது, தோழர்களே. காலை ஆறரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நின்றவை அந்தக் கிளினிக்கின் கேள்வியும் நகரத்தின் முன்பணமும்.

*

‘விழிப்புணர்வு’வாதிகளுக்கு நாம் உணர்ச்சியால் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சியே பதில் சொல்லியிருக்கிறது.

2023இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் ஸ்பிரிண்ட் இந்தியா என்ற ஆய்வு வெளியானது. நாடு முழுக்க 31 மருத்துவமனைகள். ஏற்கெனவே ஒருமுறை பக்கவாதம் வந்த 4,298 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பாதிக்கு வழக்கமான சிகிச்சையோடு குறுஞ்செய்திகள், காணொளிகள், ஒரு பயிற்சிப் புத்தகம். எல்லாம் 12 மொழிகளில். மருந்தை மறக்காதே, புகை பிடிக்காதே, குடிக்காதே, உடற்பயிற்சி செய். உலகத் தரமான விழிப்புணர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து எண்ணினார்கள். மறுபடி பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களும் இறந்தவர்களும், செய்தி பெற்றவர்களில் 5.5 விழுக்காடு, பெறாதவர்களில் 4.9 விழுக்காடு. பலனில்லை என்று தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: செய்தி பெற்றவர்களில் குடியையும் புகையையும் விட்டவர்கள் அதிகம். சொன்னால் கேட்பதில்லை என்றாரே மேடை மருத்துவர்? கேட்டார்கள். ஆனால் கேட்டது மட்டும் அந்த ஓராண்டில் அவர்களைக் காப்பாற்றவில்லை. ஓராண்டு குறுகிய காலம் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அதற்காக, பலனில்லாத ஒன்றை முதல் மருந்தாக நம் தலையில் கட்ட முடியாது.

அதற்கு முன்பே 2017இல் அட்டெண்ட் ஆய்வு. 14 இந்திய மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை வீட்டாருக்கே கற்றுக்கொடுத்து அனுப்பினால் போதுமா என்று சோதித்தார்கள். ஆறு மாதம் கழித்து, இறந்தவர்களும் பிறர் துணையின்றி வாழ முடியாதவர்களும் இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரி, 47 விழுக்காடு.

இந்த ஆய்வுகளை நடத்தியவர்களை நாம் குறை சொல்லவில்லை. தம் யோசனை பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் வெளியிட்ட நேர்மைக்கு அவர்களை மதிக்கிறோம். அவர்களுடைய முடிவைப் படித்த பிறகும் மேடைக்கு மேடை பழைய பாட்டைப் பாடுபவர்களைத்தான் கேட்கிறோம். நோயைத் தனிமனிதனின் ஒழுக்கத்தில் வை, பராமரிப்பைக் குடும்பப் பெண்களின் முதுகில் ஏற்று, அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற வழி சோதிக்கப்பட்டுவிட்டது. அது பலிக்கவில்லை. அதிலும் மதுவைக் குறை என்று சுவரொட்டி ஒட்டும் அதே அரசுதான் 2003 முதல் மதுக்கடையையும் நடத்துகிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. இந்த இரண்டு ஆய்விலும் இருந்தவர்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள். வழியிலேயே செத்தவர், திண்ணையிலேயே கிடந்தவர், ‘வாதம் இழுத்துக்கிச்சி’ என்று விதியாக ஏற்றுக்கொண்டவர் எந்த அட்டவணையிலும் இல்லை.

*

அப்படியானால் எது பலிக்கிறது?

32 நாடுகளில் நடந்து 2016இல் வெளியான இண்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, மாற்றக்கூடிய பத்துக் காரணங்களே பத்தில் ஒன்பது பக்கவாதத்தோடு தொடர்புள்ளவை என்றது. இந்தியாவும் அதில் உண்டு. பத்தில் தலையாயது உயர் ரத்த அழுத்தம், தனியாக ஏறத்தாழப் பாதி. தமிழ்நாட்டில் 2020இல் எடுத்த கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் இருந்த நூறு பேரில் அது கட்டுக்குள் இருந்தது ஏறத்தாழ ஏழு பேருக்கு மட்டும்.

பக்கத்து இலங்கையிலும் வங்கதேசத்திலும் பாகிஸ்தானிலும் கிராமங்களில் நடந்த கோப்ரா-பிபிஎஸ் ஆய்வு 2020இல் வெளியானது. சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்த்து, ஆலோசனை சொல்லி, தேவைப்பட்டவரை அரசு மருத்துவரோடு இணைத்தார்கள். அந்த மருத்துவருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாண்டில், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த கிராமங்களைவிட மேல் அளவு 5 புள்ளிக்கு மேல் கூடுதலாகக் குறைந்தது. இங்கே வேலை செய்தது வாசலுக்கு வந்த ஓர் ஆள், அவர் கையில் ஒரு கருவி, அவருக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே வழியில் வந்ததுதான். 2024இல் ஐ.நா. விருதும் பெற்றது. இந்தத் திட்டம் நமக்கு வேண்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். அதை வீடுவீடாகச் சுமந்து திரியும் பெண்களைத் ‘தன்னார்வலர்’ என்று அழைத்து ஊக்கத்தொகை கொடுப்பதை விட்டு, ஊழியர் என்று அழைத்து ஊதியம் கொடுக்க வேண்டும்.

*

இனி, மேடையில் யாரும் பேசாத சொல்லுக்கு வருவோம். சாதி.

ரத்த அழுத்தம் பார்ப்பது உலகிலேயே எளிமையான பரிசோதனை. ஆனால் அதற்கு ஒருவர் இன்னொருவரின் கையைத் தொட வேண்டும். அவர் வீட்டு வாசலுக்குப் போக வேண்டும். இந்த நாட்டில் அது எளிமையானதா? கன்ஷ்யாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட், சதீஷ் தேஷ்பாண்டே, அமிதா பவிஸ்கர் ஆகியோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து 2006இல் நூலாக வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்பது அதன் கண்டுபிடிப்புகளில் ஒன்று.

அந்த அக்காவிடம் நாங்கள் கேட்டோம்: “இதுக்கு முன்னாடி பிரஷர் எப்போக்கா பாத்தாங்க?” யோசித்து, மகளைக் கைகாட்டினார். மகள் வயிற்றில் இருந்தபோது. பத்தொன்பது வருடம். பிள்ளை பெறும் உடம்பாக இருந்தவரை எண்ணப்பட்டார். அதன் பிறகு வேலை செய்யும் உடம்பாக மட்டும் இருந்தார், எவரும் எண்ணவில்லை. மூளையில் குழாய் அடைத்தது ஒரு காலையில். அடைப்பதற்கான வேலை பத்தொன்பது வருடம் நடந்திருக்கிறது.

எல்லாம் வறுமைதான், சாதியை இழுக்காதீர்கள் என்பார்கள். சங்கீதா வியாஸ், பாயல் ஹாதி, ஆஷிஷ் குப்தா ஆகியோர் ஒன்பது மாநிலங்களின் தரவுகளை வைத்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆதிக்கசாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கும் மேல் குறைவு. ஆதிவாசிகளுக்கு நான்கு ஆண்டுக்கும் மேல். பொருளாதார நிலை இந்த இடைவெளியில் பாதியைக்கூட விளக்கவில்லை என்பதுதான் அதன் முக்கிய முடிவு. அந்த ஒன்பதில் தமிழ்நாடு இல்லை. நம் நிலை அதைவிட மேல் என்று நம்புகிறவர்கள் தமிழ்நாட்டின் கணக்கைச் சாதிவாரியாக எடுத்து மேசை மேல் வைக்கட்டும்.

வீடும் இதில் சேர்ந்திருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் தொகுப்பு வீட்டில், ஒரு குழந்தையின் தொண்டைப் புண் எல்லாக் குழந்தைக்கும் ஒட்டும். சரியாகக் கவனிக்காத தொண்டைப் புண் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுக்கும். கெட்ட வால்வு இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் முப்பது வயதிலும் பக்கவாதம். இந்த நோயாளிகளுக்கு எந்த மருந்து நல்லது என்று 24 நாடுகளில் 4,500க்கும் மேற்பட்டவர்களை வைத்து இன்விக்டஸ் ஆய்வு நடந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் கணேசன் கார்த்திகேயன். ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரையைவிட, வார்ஃபரின் வகைப் பழைய மருந்தே அதிக உயிரைக் காத்தது என்று 2022இல் முடிவு வந்தது. நல்ல செய்திதான். ஆனால் அந்தப் பழைய மருந்துக்கு மாதம்தோறும் ரத்தம் பரிசோதித்து அளவை மாற்ற வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கிப் போளூர் வந்து, அங்கிருந்து திருவண்ணாமலை வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போக ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும். மூன்றாவது மாதம் அவர் வரமாட்டார். அட்டையில் எழுதுவார்கள்: ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை.’

*

எச்சரிக்கையாக வரும் சின்னப் பக்கவாதமும் இப்படித்தான் தவறிப்போகிறது. பத்து நிமிடம் கை மரத்துப்போகும், பேச்சுக் குழறும், பிறகு தானாகச் சரியாகிவிடும். கூலி வேலையில் நிற்பவர் முகம் கழுவிக்கொண்டு மறுபடி களைக்கொட்டைப் பிடிப்பார். ‘பித்தம்’ என்பார்கள். சிலருக்கு அந்த நேரத்தில் கழுத்து ரத்தக்குழாய் பெருமளவு அடைத்திருக்கும். டாப்ளர் ஸ்கேன் வலியில்லாமல் அதைக் காட்டிவிடும். 1991இல் வட அமெரிக்காவில் வெளியான ஆய்வில், அப்படி எச்சரிக்கை கண்டு, குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியவர்களில் மருந்து மட்டும் எடுத்த நூறு பேரில் 26 பேருக்கு இரண்டாண்டுக்குள் அதே பக்கம் பக்கவாதம் வந்தது. குழாயைத் திறந்து சுத்தம் செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு. முப்பது வருடத்துக்கு மேலாக உலகம் அறிந்த உண்மை இது. நம் தெருவுக்கு வர இன்னும் எத்தனை வருடம்?

*

கோபப்பட்டுவிட்டுக் கலைந்துபோக இதை எழுதவில்லை. மாணவத் தோழர்கள் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, உங்கள் சேரியிலிருந்து, இரவும் பகலும் ஸ்கேன் எடுத்துக் கட்டி கரைக்கும் ஊசி போடும் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதுங்கள். கிலோமீட்டர் வேண்டாம், நேரம் எழுதுங்கள். செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம், வந்தவாசி, ஜவ்வாது மலை என்று ஒவ்வொரு காலனிக்கும் ஒரு வரி. எந்த மருத்துவமனையில் இந்த வசதி 24 மணி நேரமும் இருக்கிறது, கடந்த ஆண்டு எத்தனை பேருக்கு ஊசி போடப்பட்டது என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

இரண்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மக்கள்தொகை அடிப்படையில் பக்கவாதப் பதிவேடு நடத்தும் ஐந்து இடங்களில் திருநெல்வேலியும் ஒன்று. திருநெல்வேலியில் எண்ண முடிந்ததைத் திருவண்ணாமலையில் ஏன் எண்ணக் கூடாது? எண்ணும்போது சாதியையும் எண்ணி வெளியிடச் சொல்லுவோம். எண்ணப்படாத சாவுக்கு நீதி கேட்க முடியாது.

மூன்று, ரத்த அழுத்தம் பார்ப்பதும் மாத்திரை கொடுப்பதும் நம் தெருவில், வேலைக்குப் போகுமுன் காலையிலோ வேலை முடிந்த மாலையிலோ நடக்க வேண்டும். வார்ஃபரினுக்கான ரத்தப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கு வர வேண்டும். வீட்டிலுள்ள பெண்ணையே பயிற்சியாளராக்கும் கணக்கு வேண்டாம்.

நான்கு, இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். 2024இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கென்றே சட்டம் நிறைவேற்றியிருக்கிறது. அந்த நிதியில் நம் ரத்தக்குழாய்க்கும் பங்கு உண்டு.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இதே வேங்கிக்காலில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. பட்டா கேட்டு, சுடுகாட்டுப் பாதை கேட்டு, உதவித்தொகை கேட்டு நம் மக்கள் வரிசையில் நிற்கும் அதே இடத்தில், காலனிவாரியாக நேரம் எழுதிய தாளோடு நாமும் நிற்போம். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வரும் லட்சக்கணக்கானவர்களுக்கு 14 கிலோமீட்டர் பாதை நெடுக முதலுதவியும் ஆம்புலன்சும் நிறுத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு, ஒரு காலனியிலிருந்து ஓர் உயிரை நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுவரவும் தெரியும். செய்யச் சொல்லி நாம்தான் நிற்க வேண்டும்.

அக்கா இப்போது இடக்கையால் சாப்பிடப் பழகிவிட்டார். மகள் படிப்பை விடவில்லை. அந்தத் தாளின் முதல் வரியை அவள்தான் எழுதினாள். காலனியின் பெயர், அதன் எதிரே: ‘6.30 – 1.10.’

அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள்.

ஜெய் பீம்.